கிழக்கு இடப்பக்கம்

இன்றைக்குச் சொல்ல வேண்டாம். இரண்டு கோடி வருஷமாக வந்துகொண்டிருந்த சமிக்ஞை இன்னும் ஒரு நாள் காத்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. நாளைக்கு நாத்தனார் வீட்டில் சாப்பாடு, அங்கே இவன் வாய்விட்டுச் சிரிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம். அல்லது திங்கள்கிழமை, எல்லோர் முன்னாலும், ஏதோ அப்போதுதான் கண்ணில் பட்டது போல. சே, அது இதைவிடக் கேவலம்.

இப்படி நினைத்துக்கொண்டே அவள் திரையில் இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மறுபடி வைத்துப் பார்த்தாள். ஐந்தாவது முறை. புள்ளி பொருந்தவில்லை.

நான்கடி தள்ளி, அவளுக்கு முதுகு காட்டிக் கணவன் உட்கார்ந்திருந்தான். ஆய்வகத்தின் மூன்றாவது மாடியில் நான்கு மேசைகள் போட்ட அறை. ஜன்னல் சரியாக மூடாது. அட்டைப் பெட்டியிலிருந்து கிழித்த துண்டை மடித்துச் செருகியிருந்தார்கள். அவன் உதடு மட்டும் அசைய எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தான். புதன்கிழமை நேர்காணல். பதினோரு வருஷம் ஒப்பந்தத்திலேயே ஓட்டிய பிறகு வந்திருக்கும் நிரந்தரப் பதவி. அவன் அங்கே பேசப்போவது ஒரே ஒரு கண்டுபிடிப்பைப் பற்றி. அந்தக் கண்டுபிடிப்பு தவறு என்பது அவளுக்கு அரை மணி நேரமாகத் தெரியும்.

அவர்கள் நான்கு வருஷமாக அளந்தது ஒரு குறு விண்மீன் மண்டலம். அதற்குப் பட்டியலில் நீளமான எண் ஒன்று உண்டு. அறையில் எல்லோரும் பொடிசு என்பார்கள். பெரிய மண்டலங்களுக்கு ஈர்ப்பு அதிகம், தங்கள் வாயுவை எளிதில் விடாது. பொடிசுக்கு அந்தப் பிடி கிடையாது. உள்ளே நாலு நட்சத்திரம் வெடித்தால் வாயு வெளியே தள்ளப்பட்டுவிடும், வாயு போனால் புது நட்சத்திரம் பிறக்க வழியில்லை. ஒருமுறை பொதுமக்களுக்கான கூட்டத்தில் கணவன் இதை விளக்கப்போய், "ஒரு சின்ன வீடுன்னு வச்சுக்குங்க" என்று ஆரம்பித்தான். அரங்கம் முழுக்கச் சிரித்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏன் சிரித்தார்கள் என்று பஸ்ஸில் அவள் சொன்ன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

வானொலித் தொலைநோக்கி தருவது வேகத்தை மட்டும்தான். வாயு நம்மை நோக்கி வந்தால் படத்தில் நீலம், விலகிப்போனால் சிவப்பு. அது நம்மைப் பொறுத்த வரவும் போக்கும். பொடிசைப் பொறுத்து அந்த வாயு உள்ளே விழுகிறதா, வெளியே ஓடுகிறதா என்பது வேறு கேள்வி. பொடிசு சாய்த்து வைத்த தட்டு மாதிரி கிடக்கிறது. அதன் எந்த விளிம்பு நமக்குப் பக்கம், எது தூரம் என்று தெரிந்தாக வேண்டும். பக்கத்து விளிம்பின் வாயு நம்மை நோக்கி வந்தால் அது மையத்தைவிட்டு வெளியேறுகிறது. தூரத்து விளிம்பின் வாயு நம்மை நோக்கி வந்தால் மையத்துக்குள் போகிறது. நிறம் அதே நீலம்தான். அர்த்தம் நேர் எதிர்.

எந்த விளிம்பு பக்கம் என்று காட்ட அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு சாட்சி. வேறொரு ஆய்வகம் முன்பு எடுத்த ஒளிப்படத்தில் பொடிசின் ஒரு ஓரமாகத் தூசுக் கறை ஒன்று மங்கலாகத் தெரிந்தது. பக்கத்து விளிம்பில் இருக்கும் தூசுதான் பின்னாலுள்ள வெளிச்சத்தை மறைத்து அப்படிக் கறையாகத் தெரியும். கறை கிழக்கில் இருந்தது. கிழக்கில் வாயு நீலமாக இருந்தது. ஆகவே வெளியேற்றம். கட்டுரையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருந்தது.

வானத்துப் படத்தில் கிழக்கு இடப்பக்கம் வரும். தரையின் வரைபடத்தைக் குனிந்து பார்க்கிறோம், வானத்தை அண்ணாந்து பார்க்கிறோம், அதனால் திசை மாறிவிடும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் எல்லோருக்கும் சொல்லித்தருவது இது. அந்த ஒளிப்படக் கோப்பில் மட்டும், எடுத்தவர்கள் ஏதோ வசதிக்காக, கிழக்கை வலப்பக்கம் வைத்திருந்தார்கள். கோப்பின் தலைக்குறிப்பில் அதைச் சொல்ல ஒரு வரி இருந்திருக்க வேண்டும்; இல்லை. படங்களைப் பொருத்தும் நிரலை எழுதியவன் கணவன். வழக்கப்படி கிழக்கு இடப்பக்கம்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டான். மையம் மையத்தோடு பொருந்தியது. யாரும் அதற்குமேல் பார்க்கவில்லை, அவளும் சேர்த்துத்தான்.

இன்று நேர்காணலுக்கு ஒரு படத்தை அழகாக்கித் தரச்சொன்னான். ஓரத்தை வெட்டப்போனபோது, வானொலிப் படத்தில், பொடிசுக்கு வெகு தூரம் பின்னால் இருக்கும் வேறெதுவோ ஒன்றின் புள்ளி கண்ணில் பட்டது. ஒளிப்படத்தில் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. அதே தூரத்தில், நேர் எதிர்ப்பக்கம், ஒரு மங்கல் இருந்தது. அவள் ஒளிப்படத்தை இடம் வலமாகத் திருப்பினாள். மங்கல் நேராக வந்து புள்ளிமேல் உட்கார்ந்தது. தூசுக் கறை மேற்கே போய்விட்டது. பொடிசு எதையும் இழந்துகொண்டிருக்கவில்லை. ஏதோ ஒன்று அதற்குள் வந்துகொண்டிருந்தது.

அந்த நொடியில் அவளுக்கு முதலில் வந்தது பயமோ வருத்தமோ அல்ல. வெயிலில் நடந்து வந்து தண்ணீரில் கால் வைத்தது போல ஒரு சின்னக் குளிர்ச்சி. அது சரியாக ஒரு மூச்சு நேரம் இருந்தது. அதற்குப் பிறகுதான் புதன்கிழமை நேர்காணல் நினைவுக்கு வந்தது. எது முதலில் வந்தது என்பதை அவள் கவனித்து வைத்துக்கொண்டாள். இருபது வருஷமாக எதையும் வந்த வரிசையில் குறித்துவைத்தே பழகிவிட்டது.

சனிக்கிழமை நாத்தனார் வீட்டுக்குப் போனார்கள். கணவனைவிட ஒன்பது வயது மூத்தவள். பெரிய மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. தம்பியின் வேலையைப் பற்றி அவளுக்கு மரியாதை உண்டு, ஆனால் அதை வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததுமே தொடங்கிவிட்டாள். அந்த வாயு வெளியே போகிறதா உள்ளே வருகிறதா என்று பார்க்க இவர்களுக்கு நாலு வருஷம் ஆகிறதாம், அவள் வார்டு வாசலில் இருக்கும் காவல்காரர் நாலு நிமிஷத்தில் சொல்லிவிடுவாராம். கணவன் சிரித்தான். நிரந்தரமானால் முதல் வேலையாக அக்காவுக்கு வாயடைக்க ஏதாவது வாங்கித் தருவேன் என்றான்.

சிரிப்பு அடங்கியபோது அவள் கேட்டுவிட்டாள். கேட்கவேண்டும் என்று நினைத்து வந்த கேள்வி இல்லை.

"அண்ணி, எக்ஸ்ரேல இடம் வலம் மாறிப்போச்சுன்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

மாறவே மாறாது என்றாள் நாத்தனார். ஈயத்தில் செய்த எழுத்து ஒன்றை ஆளின் பக்கத்தில் ஒட்டித்தான் படம் எடுப்பார்களாம், எழுத்தும் சேர்ந்தே விழுந்துவிடும். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஒரே ஒரு தடவை ஒட்ட மறந்துட்டேன். டாக்டரம்மா படத்தப் பாத்துட்டு, என்னம்மா இந்த ஆளுக்கு இதயம் வலப்பக்கம் இருக்குங்கறாங்க. மன்னிச்சுக்குங்கம்மா, திருப்பி மாட்டிட்டேன் போலன்னு சொல்லிட்டு, ஆள மறுபடி கூட்டிட்டு வந்து எழுத்த ஒட்டி எடுத்தேன். நிஜமாவே வலப்பக்கம்தான் இருந்துச்சு."

சொல்லி முடித்து நாத்தனாரே சிரித்தாள். கணவன் சிரிக்கவில்லை. அவன் கை தட்டின்மேல் அப்படியே நின்றிருந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்தான், பிறகு மேசையைப் பார்த்தான். அவன் மந்தன் இல்லை. எந்தப் படத்தில் எந்தப் பக்கம் என்று அவன் மனதுக்குள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. தம்பிக்கு என்ன ஆயிற்று, பல்லில் ஏதாவது மாட்டிக்கொண்டதா என்று நாத்தனார் கேட்டாள். ஆமாம் என்றான்.

அவர்கள் இருவரும் ஒரே ஆண்டு படித்தவர்கள். வீட்டில் நீ, நான்தான். அலுவலகத்தில் மட்டும் மற்றவர்கள் முன்னால் நீங்க என்று பேசிக்கொள்வார்கள். பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு அவன் கேட்டான்:

"நீங்க எப்ப பாத்தீங்க?"

"நேத்து. நாலு மணிக்கு."

"நேத்து நாலு மணிக்கு."

"ஆமா."

"அதுக்கப்புறம் எனக்குக் காபி போட்டுக் குடுத்தே. சட்டை எது போடலாம்னு கேட்டதுக்குப் பதில் சொன்னே."

நீங்க என்பது நீயாகிவிட்டதில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் கணினியின் முன்னால் இருந்தான். படத்தைத் திருப்பினான், பழைய கோப்பைத் தோண்டினான், மூன்று வேறு புள்ளிகளை வைத்துப் பார்த்தான். எல்லாம் அவள் சொன்ன இடத்திலேயே போய் நின்றன. அக்கா சொன்ன ஆள் மாதிரி நிஜமாகவே இப்படித்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் என்ன என்று ஒருமுறை கேட்டான். அதைத் தெரிந்துகொள்ளத்தானே அந்த ஆளை மறுபடி படம் எடுத்தார்கள் என்றாள் அவள். மாலையில் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தவன், குரலை உயர்த்தாமல் கேட்டான்.

"உனக்கு இது சந்தோஷமா இருந்துச்சா?"

பொய் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. கட்டுரையில் அவள் பெயர் நான்காவது. அளவுகளில் பாதிக்குமேல் அவள் எடுத்தவை. அவன் நிரந்தரமானால் அவளுடைய ஒப்பந்தம் அவன் நிழலில் இன்னும் சில வருஷம் ஓடும் என்று இருவருக்கும் தெரியும், அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

"முதல்ல ஒரு மூச்சு நேரம் இருந்துச்சு," என்றாள்.

அவன் தலையாட்டினான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் எழுந்து போய்த் துவைத்த துணிகளை எடுத்துவந்து மடிக்க ஆரம்பித்தான். அவளுடைய துணிகளையும் மடித்தான். கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கோபத்தின் எதிரில் நிற்க ஒரு இடம் கிடைக்கும். மடித்த துணியின் எதிரில் எங்கே நிற்பது.

திங்கள்கிழமை குழுத் தலைவரிடம் போய்ச் சொன்னார்கள். அவருக்கு அறையில் வைத்திருக்கும் பெயர் காற்புள்ளி. எந்தக் கட்டுரையைக் கொடுத்தாலும் இரண்டு காற்புள்ளிகளை இடம் மாற்றி, மிக நன்று என்று எழுதி அனுப்பிவிடுவார். அவர் அறையில் வருகிறவர்களுக்கென்று இரண்டு நாற்காலிகள், இரண்டின்மேலும் காகிதக் கட்டுகள். நின்றுகொண்டேதான் பேச வேண்டும். நிற்பவர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள் என்பது அவருடைய கணக்கு.

முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கோபமோ அதிர்ச்சியோ காட்டவில்லை. அவர் காலத்தில் ஒருவர் தொலைநோக்கியின் மூடியைக் கழற்றாமல் இரண்டு இரவு வானத்தை அளந்த கதையைச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"வாயு நகருது இல்லையா? அதுல சந்தேகம் இல்லையே? திசை மட்டும்தானே?"

"திசை மட்டும்தான் சார்," என்றாள் அவள். "தலைப்பே அதுதான்."

அவர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. அவருடைய யோசனை மிருதுவானது. கட்டுரையை இதழ் ஏற்றுக்கொண்டாகிவிட்டது. எழுதிய ஐந்து பேரும் இதழின் படிவத்தில் ஒப்புதல் குறி போட்டுவிட்டால் புதன்கிழமை காலையில் வெளிவந்துவிடும், நேர்காணல் பத்து மணிக்கு. அவர் உட்பட நாலு பேர் போன வாரமே போட்டாயிற்று. அவளுடையது மட்டும் பாக்கி. கடைசித் திருத்தமாக ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம்: "பெரும்பாலும்." பெரும்பாலும் வெளியேற்றம். இரண்டு மாதம் போகட்டும், நிதானமாகப் பிழைதிருத்தம் ஒன்றை அனுப்பலாம், அதையும் அவரே படித்துத் தருவார். பிழைதிருத்தம் போடாத குழு எங்கே இருக்கிறது? பதவி வந்து பதினோரு வருஷத்துக்கு ஒருமுறைதான் கதவைத் தட்டும்.

இத்தனை வருஷத்தில் அவர் ஒரு முழுச் சொல்லைத் திருத்தியது இதுதான் முதல் தடவை என்று அறைக்குத் திரும்பும்போது அவள் நினைத்துக்கொண்டாள். அந்தச் சொல்லைப் பல பக்கமாகத் திருப்பியும் பார்த்தாள். அது கெட்டிக்காரச் சொல்தான். பெரும்பாலும் என்றால் சந்தேகம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆனால் அவளுக்குச் சந்தேகம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்தை அது காட்டவில்லை. இருக்கிற ஒரே சாட்சியும் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்த பிறகு, பெரும்பாலும் என்பது அடக்கமாக உடுத்திக்கொண்ட பொய்.

அன்றும் மறுநாளும் கணவன் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச்சைப் பயிற்சி செய்தான். ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் வரும் இடத்தில் சற்றுத் தடுக்கி, பிறகு தாண்டிப் போனான். செவ்வாய்க்கிழமை மதியம் நாத்தனார் போன் செய்தாள். தம்பி ஏதோ சொல்லியிருக்க வேண்டும், என்ன என்று அவளுக்கு முழுசாகப் புரிந்திருக்கவில்லை. வழக்கமான கிண்டல் குரலில் இல்லை.

"அவன் அவசரக்காரன்மா, சின்ன வயசுலேருந்தே. நீதான் கொஞ்சம் பாத்துக்கணும்," என்றாள்.

சரி அண்ணி என்று சொல்லி வைத்தாள். பார்த்துக்கொள்வது என்றால் எதைப் பார்ப்பது, எதைப் பார்க்காமல் இருப்பது என்று அந்தப் பக்கத்தில் இருந்தவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

மாலை ஐந்தரைக்கு இருவரும் வீட்டில் இருந்தார்கள். படிவத்துக்கான கெடு ஆறு மணி. கணவன் அவளுடைய மடிக்கணினியை எடுத்துவந்து சமையலறை மேசைமேல் வைத்தான். இதழின் கடிதத்தைத் திறந்து படிவத்தை வரவழைத்தான். எதையும் தொடாமல் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தான். படிவத்தில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. இக்கட்டுரையை முழுமையாகப் படித்தேன், எனக்குத் தெரிந்தவரை இதிலுள்ளவை யாவும் சரியானவை. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்.

"நான் யோசிச்சுப் பாத்துட்டேன்," என்றான். "நேர்காணல்ல, தப்பு பண்ணிட்டேன், இப்ப எல்லாம் மாறிப்போச்சுன்னு சொன்னா, அது நேர்மைன்னு அங்க யாரும் கை தட்ட மாட்டாங்க. அடுத்த ஆளக் கூப்பிடுவாங்க. எனக்கு நாப்பத்தோரு வயசு. இது போச்சுன்னா நான் பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக்குடுக்கத்தான் போகணும்."

"கணக்கு நல்லாத்தான் சொல்லிக்குடுப்பே."

"கிண்டல் பண்ணாதே."

"பண்ணல."

உண்மையிலேயே அவள் கிண்டல் செய்யவில்லை. அவன் கரும்பலகை முன்னால் நிற்பதை அந்த நொடியில் தெளிவாகப் பார்த்தாள். அது ஒரு துயரமான காட்சியாக அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கு அப்படித்தான் தெரிகிறது என்பதும் புரிந்தது. உள்ளே வருகிறது என்று சொல்லிப் பார் என்றாள். பொடிசுக்கு எங்கிருந்தோ வாயு வருகிறது, அது இன்னும் ரொம்ப காலம் நட்சத்திரம் பெறும், அதுவும் ஒரு கண்டுபிடிப்புதானே? அதைச் சொல்ல ஆறு மாதம் வேலை இருக்கிறது, என்னிடம் பதினாறு மணி நேரம் இருக்கிறது என்றான் அவன். அது சரிதான்.

அடுத்த வீட்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள். சுவருக்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. ஐந்து நாற்பத்தைந்து.

தான் ஏன் இப்படி இருக்கிறோம் என்று அவள் கடைசியாக ஒருமுறை தன்னைக் கேட்டுக்கொண்டாள். அந்த ஒரு மூச்சு நேரக் குளிர்ச்சி இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை குறியைப் போட்டிருப்பாளோ? சுத்தமான மனதோடு செய்கிற காரியம் என்றால் துணிந்து விட்டுக்கொடுத்துவிடலாம். இதில் அவளுடைய பொறாமையும் கலந்திருந்தது, நான்காவது பெயரும் கலந்திருந்தது. அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் கறை மேற்கில்தான் இருந்தது. அவள் நல்லவளாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அங்கேதான் இருக்கும்.

"நீ ஒண்ணும் பொய் எழுத வேண்டாம்," என்றான் கணவன். "எழுதினது எல்லாம் நான். நீ ஒரு குறி போட்டாப் போதும். எனக்காக. இதுக்கு முன்னாடி உன்கிட்ட இப்படி எதையாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. அவள் யோசித்துப் பார்த்தாள், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதை அவனிடம் சொன்னாள். அவன் முகம் கொஞ்சம் தளர்ந்தது. கணினியை அவள் பக்கமாக நகர்த்தினான்.

அவள் வாக்கியத்தை முழுதாகப் படித்தாள். கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"நான் போடலப்பா," என்றாள்.